பூவா கொடுத்தவளுக்கு

அக்கா,

பக்கத்து வீட்டில் சுறாப்புட்டு கிளறுகிறார்கள். பூண்டும் சோம்பும் சேர்ந்த அந்த வாசனை சன்னல் வழியாக வந்ததோ இல்லையோ, கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு இந்தத் தாளை எடுத்தேன். நீ போய் மூன்று வருடம் ஆகிறது. அழுதுகொண்டே எழுதுவேன் என்று நினைத்தால், சிரிப்பல்லவா பொத்துக்கொண்டு வருகிறது! உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்புதான், மற்றதெல்லாம் அப்புறம்தான்.

அறுபதுகளின் கடைசி அது. என் வீட்டுக்காரருக்கு ஆரம்பாக்கத்தில் வாத்தியார் வேலை. மாயவரத்திலிருந்து ஐந்து மாதக் கைக்குழந்தையோடு வந்து இறங்கினேன். ஒரே ஓட்டுக்கூரை, இரண்டு குடித்தனம், பின்னால் பொதுக் கிணறு. பழவேற்காட்டு ஏரி மீனைக் கூடையோடு ரயிலேற்றிப் பட்டணம் கொண்டுபோவார் உன் வீட்டுக்காரர். உன் மடியிலும் ஒரு பெண் குழந்தை, என் பிள்ளைக்கு ஒரு மாதம் மூத்தவள். நீ பேசுவது எனக்குப் பாதி புரியாது. ‘இன்னாமே’ என்று நீ கூப்பிட்டால் திட்டுகிறாய் என்றே நினைத்துக்கொள்வேன்.

என் பிள்ளையோ வாயைத் திறக்கமாட்டான். ஆறாம் மாதம் கோயிலில் சோறூட்டினோம். நாக்கில் வைத்த சர்க்கரைப் பொங்கலை அப்படியே அர்ச்சகர் வேட்டியில் துப்பினான். அன்று மூடிய வாய் அது! பால்மாவு டப்பாவோடு வந்த தாளை எழுத்துக்கூட்டிப் படித்து, தனி அடுப்பில், தனிச் சட்டியில், பருப்பை வேகவைத்துத் துணியில் வடிகட்டி, உப்பில்லாமல் ஒரு கஞ்சி காய்ச்சுவேன். கிண்ணத்தைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கொள்வான். எனக்குப் பாலும் வற்றிக்கொண்டு வந்தது. டப்பாவில் இருந்த கொழுகொழுக் குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம், என் பிள்ளை தேறுவானா என்று பகீரென்றிருக்கும்.

தினமும் பதினோரு மணிக்குத் துணி துவைக்கப் போகும்போது அவனை உன்னிடம் விட்டுவிட்டுப் போவேன். நீ உன் வாசற்படியிலிருந்து குரல் கொடுப்பாய்.

“புள்ளைக்குப் பூவா குடுக்கவாமே?”

உன் வாசலில் செம்பருத்தி பூத்துக் கிடக்கும். பிள்ளைக்கு விளையாடப் பூக் கொடுக்கிறாய் என்று எண்ணிக்கொண்டு, “குடுங்கக்கா! வாயில மட்டும் போட்டுடாம பாத்துக்குங்க!” என்பேன்.

“வாய்ல போடாம வேற எங்கமே போடறது?” என்று நீ சிரிப்பாய்.

இந்த அக்காவுக்கு எப்போதும் கேலிதான் என்று நானும் சிரிப்பேன். என் பேச்சையும் நீ கேலி என்றே எடுத்துக்கொண்டாய். இப்படியே நாலு மாதம் ஓடியது!

பத்தாம் மாதம் வீட்டுக்காரருக்கும் பயம் வந்துவிட்டது. கும்மிடிப்பூண்டி டாக்டரிடம் காட்டுவோம், அவர் சொன்னால் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றார். மறுநாளே ரயிலேறிப் போனோம். டாக்டர் அவனைத் தராசில் உட்காரவைத்தார். ஆறாம் மாதம் எடை போட்டுக் கொடுத்த பழைய சீட்டைப் பார்த்தார். மறுபடியும் தராசைப் பார்த்தார்.

“சாப்பிடவே மாட்டேங்கிறான்னு சொன்னீங்க? எடை நல்லா ஏறியிருக்கேம்மா!”

வீட்டுக்காரர் என்னைப் பார்க்க, நான் அவரைப் பார்க்க, இரண்டு பேரும் பேந்தப் பேந்த விழித்தோம். ஊர் திரும்பி உன் வாசலைத் தாண்டும்போதுதான் இடுப்பில் இருந்தவன் துள்ளினான். உன் கதவைப் பார்த்துக் கையை நீட்டி, “பூவா! பூவா!” என்றான்.

முதல் பேச்சு அக்கா! அம்மா என்றுகூடச் சொல்லாத வாய்! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் ஒரு செம்பருத்தியைப் பறித்துக் கையில் கொடுத்தேன். வீசி எறிந்தான். பெரிய பூவாகப் பார்த்துக் கொடுத்தேன். அதையும் எறிந்துவிட்டு ஊரைக் கூட்டி அலறினான். சத்தம் கேட்டு நீ சாப்பாட்டுத் தட்டோடு வெளியே வந்தாய். தட்டைக் கண்டதும் என் பிள்ளை ‘ஆ’வென்று வாயைத் திறந்தானே பார்க்கலாம்!

“அய்ய! பூ இல்லமே, பூவா! சோறு! நைனாவுக்குப் பசிக்குது, நீ பூவப் பறிச்சிக் குடுத்துக்கினு கீற!”

“சோறா? எப்பலேருந்து?”

“நாலு மாசமா எங்களோட குந்திக்கினு மீன் சோறு துன்னுறான். தெனம் உன்னக் கேட்டுத்தானமே குடுத்தேன்?”

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்ததோ கோபம். “முள்ளு குத்தியிருந்தா யார் பதில் சொல்றது?” என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். முள்ளாவது மண்ணாவது! பெற்றவள் கையை வேண்டாம் என்றவன் உன் கைக்கு வாயைத் திறந்துவிட்டானே என்ற பொறாமைதான் அது. அன்றும் கஞ்சியைத் துப்பினான். நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு உன் குரல் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மகளையும் தட்டையும் தூக்கிக்கொண்டு நீயே வந்து என் அடுப்படியில் உட்கார்ந்தாய்.

“அந்தக் கஞ்சிய ஓரமா வெய்யி. உனக்கு ஆக்குனத எடுத்துக்கினு வா. நீ துன்னாம அவனுக்கு மட்டும் ஊத்துனா, மருந்துன்னு நெனச்சிக்கிறான்மே. மொதல்ல நீ துன்னு. அவன் பாக்கட்டும்.”

அன்று என் வீட்டில் கத்திரிக்காய்ச் சாம்பார். நீ உன் தட்டில் இருந்த மீன் துண்டை வெந்நீரில் அலசி, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து முள் பார்த்து, சோற்றோடு மசித்து மகளுக்கு ஊட்டினாய். நான் ஒரு வாய் சாப்பிட்டேன். என் பிள்ளை என் வாயையே பார்த்தான். இன்னொரு வாய் சாப்பிட்டேன். தவழ்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். கையை அவனே தன் வாய்க்கு இழுத்தான்!

“துன்னுட்டான்மே!” என்று நீ கத்த, நான் கத்த, உன் மகள் கை தட்ட, தெருவில் போன தபால்காரர் என்னவோ ஏதோ என்று உள்ளே எட்டிப் பார்த்தார். என் கையால் அக்கா, என் கையால்!

அதற்குப் பிறகு நீ செய்ததை நான் கவனிக்கவே இல்லை. அவன் உன் தட்டைத் தேடி வந்தால், “உங்கம்மாகிட்டப் போ நைனா” என்று என் பக்கம் திருப்பிவிடுவாய். எழுபதுகளில் நாங்கள் திருவள்ளூருக்கு மாறிப் போகும்வரை, ஒரு கவளம்கூட நீ உன் கையால் ஊட்டவில்லை. அன்று முள்ளைச் சொல்லி நான் கத்தியது உனக்கு எவ்வளவு ஆழமாகப் போயிருந்தது என்று வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. ஒருநாளாவது ‘நீயே ஊட்டு அக்கா’ என்று நான் சொல்லியிருக்கக் கூடாதா?

கடைசிக் காலத்தில் நீ படுக்கையில் கிடந்தபோது, வளர்ந்து ஆளாகிவிட்ட அவனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். உனக்கு அப்போது கை தூக்க வராது. அவன் ரசம் சாதத்தைக் குழைத்து உன் வாயருகே கொண்டுவந்தான். நீ வாயைத் திறக்காமல் என்னைப் பார்த்தாய். என் அனுமதிக்குத்தான் காத்திருக்கிறாய் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

“வாங்கிக்கோக்கா. உன் புள்ளதான்” என்றேன்.

திறந்தாய்.