நாலு வரித் திருத்தம்

ஞாயிறு, பிற்பகல்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். தம்பி வேலை விஷயமாக அந்தப் பக்கம் வருகிறான். இந்தக் கடிதத்தை அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் வழியில் யார் பிரித்துப் படிக்கிறார்கள் என்று தெரியாமல், பதினான்கு மாதமாக வெயிலையும் மழையையும் பற்றியே எழுதி வந்திருக்கிறேன். இந்த ஒரு முறை நடந்ததை எழுதுகிறேன்.

வீட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. எப்படி எழுதினாய் என்று கேட்டால் "எழுதினேன்" என்கிறாள். உங்கள் ஸ்கூட்டரின் பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று மெக்கானிக் சொன்னதால், வாரம் ஒரு நாள் அதை ஸ்டாண்டில் நிறுத்திப் பத்து நிமிடம் ஓடவிடுகிறேன். மேல்வீட்டு அம்மா புகை வருகிறதென்று ஜன்னலைச் சாத்துகிறார். "ஓட்டாத வண்டிக்கு எதுக்கும்மா இவ்வளவு உபசாரம்? வித்துத் தொலைங்களேன்" என்றும் சொல்லிப் பார்த்தார். வண்டிச் சத்தம் கேட்டதும் மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கிறாள். ஓடவிடுவது நான்தான் என்று தெரிந்தும் பார்க்கிறாள்.

இனி அலுவலகம். அரசாங்கம் நம் பத்திரிகையின் பெரும்பங்கை வாங்கியதும், ஆசிரியர் அறையில் செய்திகளைக் கண்காணிக்க ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்ததும் உங்களுக்குத் தெரியும். பக்கங்களை வடிவமைக்கிறவர் அவருக்குப் புது மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறார். "காபி ஆறினாலும் கோவிச்சுக்கறார், தலைப்பு பெருசா போனாலும் கோவிச்சுக்கறார். இவருக்கு யார் பொண்ணு குடுத்ததுன்னுதான் தெரியல" என்கிறார். நாங்கள் சிரிக்கிறோம், அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள் இருந்தது. செவிலியர் விடுதிச் சுவர் இடிந்து பதினொரு மாணவியர் இறந்ததாக நாம் வெளியிட்ட செய்தி தவறு, இறந்தவர்கள் நால்வரே, மற்றவர்கள் அதற்கு முன்பே விடுதியை விட்டுப் போய்விட்டவர்கள் என்று அதில் எழுதியிருந்தது. உங்கள் செய்திதான். எதற்காக உங்கள் மேல் பொய்ச் செய்தி வழக்குப் போட்டு, நீங்கள் ஊரை விட்டே போக வேண்டி வந்ததோ அந்தச் செய்தி.

"உங்க திருத்தம் பகுதியில இதைப் போட்டுடுங்க மேடம். நாலு வரிதானே. கீழே சரிபார்த்தவர்னு உங்க பேர் வரணும், அப்பதான் ஜனங்க நம்புவாங்க. வழக்கைத் திரும்ப வாங்கிக்கறாங்க. சார் அடுத்த மாசமே ஊருக்கு வந்துடலாம்" என்றார். பிறகு எனக்கு அவரே தேநீர் ஊற்றிக் கொடுத்து, "நீங்களும் எத்தனை நாளைக்குத் தனியா அல்லாடுவீங்க" என்றார். அதட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த நால்வரின் பெயர்களைக் கேட்டேன். "பேரெல்லாம் எதுக்கு மேடம்? எண்ணிக்கை போதும்."

இடத்துக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். மறைக்கப் போவதில்லை, எழுதினேன். திருத்தம் என்றால் என்ன தவறு என்பதோடு அது எப்படி நேர்ந்தது என்றும் சொல்ல வேண்டும். இத்தனை வருடமாக நான் வைத்திருக்கும் வழக்கம் அது. அவர் தந்த தாளில் 'நிருபரின் கவனக்குறைவு' என்று இருந்தது. அதை அடித்துவிட்டு 'சரிபார்த்தவரின் கவனக்குறைவு' என்று போட்டேன். சரிபார்த்தது நான்தானே? நீங்கள் பதினான்கு பேர் என்று கொண்டுவந்தீர்கள். மூன்று பேருக்கு ஆதாரம் போதாது என்று நான் வெட்டினேன். அந்தக் கோபத்தில் இரண்டு நாள் மகள் மூலமாகவே உப்புக் கேட்டீர்கள். இப்போது பழியை என் தலையில் போட்டுக்கொண்டால் பொய் கொஞ்சம் சின்னதாகிவிடும் என்று ஒரு நினைப்பு. எழுதும்போதே மனதுக்குள் உங்கள் அலமாரியைத் துடைத்து, சட்டைகளை வெயிலில் போட்டுக்கொண்டிருந்தேன்.

அச்சுக்குப் போகுமுன், சம்பந்தப்பட்டவர்களை அழைத்துத் திருத்தத்தைப் படித்துக் காட்டுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். பத்தொன்பது வருடப் பழக்கம். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போனை எடுத்துவிட்டது. இறந்த பெண்களின் வீட்டுப் பட்டியலில் முதலில் இருந்தவர் அந்தத் தையற்காரர். படித்தேன். பின்னால் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

"நாலு பேர்தானாம்மா?" என்றார். அப்படித்தான் சொல்கிறார்கள் என்றேன்.

"சரிம்மா. அந்த நாலு பேர்ல என் பொண்ணு இருக்காளா?"

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். "கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கம்மா, வீட்ல கேட்டா நான் சொல்லணும்ல" என்றார். இருக்கிறாள் என்று அவரிடம் சொல்லிவிடலாம். அடுத்தவரிடமும் சொல்லலாம். நான்காவது ஆள் வரை சொல்லலாம். ஐந்தாவது எண்ணை அழைத்து என்ன சொல்வது? உங்கள் மகள் அதற்கு முன்பே எங்கோ போய்விட்டாள் என்றா?

திருத்தம் வராது, வேலையைப் பாருங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு, தாளை மாப்பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்தேன். "யோசிச்சுதான் சொல்றீங்களா மேடம்? இது மறுபடி வராது" என்றார். யோசித்துத்தான் என்றேன். என்னைத் தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். பத்திரிகைச் சுதந்திரம் என்று எல்லோரும் கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு வந்த அன்றும் நான் குத்திக்கொள்ளவில்லை. பட்டையால் எதுவும் மாறும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இப்போதும் அந்தப் பெரிய சொற்கள் என் வாயில் வருவதில்லை. அவரிடம் ஒன்றுதான் சொன்னேன்: தவறு செய்தால் நாங்கள் திருத்துவோம், இது தவறு இல்லை. மறுநாள் முதல் திருத்தம் பகுதி அவர் அறைக்குப் போய்விட்டது. எனக்கு 'இன்றைய நிகழ்ச்சிகள்' கொடுத்திருக்கிறார்கள். எந்த மண்டபத்தில் யார் தலைமை என்று சரிபார்க்கிறேன்.

மகளிடம் அன்று மாலையே சொன்னேன். "நீ அந்த போனைப் பண்ணாமலே இருந்திருக்கலாம்லம்மா" என்றாள்.

உங்களைக் கேட்டிருக்க வேண்டும். ஊருக்குத் திரும்ப வேண்டியவர் நீங்கள். முடிவு எடுத்தவள் நான். தம்பி கிளம்பவே ஐந்து நாள் இருந்தது, அவன் மூலம் கேட்டுப் பதில் வரும்வரை காத்திருக்க நேரமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. கேட்டிருந்தால் நீங்கள் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் 'போட்டுவிடு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தையற்காரரையும் மறந்து போட்டிருப்பேன். அந்தப் பயத்தில்தான் கேட்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள். குளிருக்கு இரண்டு பனியன் கொடுத்திருக்கிறேன், வெளியே தெரியாது, போட்டுக்கொள்ளுங்கள். தம்பி அங்கே நான்கு நாள் இருப்பான். அவன் கிளம்புவதற்குள் பதில் எழுதிக் கொடுங்கள். திட்ட வேண்டும் என்றால் திட்டியே எழுதுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: நான் செய்தது சரி என்று எடுத்த எடுப்பில் எழுதிவிடாதீர்கள். அதை அப்புறம் எழுதலாம். முதலில், வர வேண்டும் என்று உங்களுக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று எழுதுங்கள்.

வீட்டிலிருந்து,
உங்கள் நான்