கண்ணுக்குத் தெரியாத சுவர்

ஆஷ்லோ எஸ்டேட்,
செப்டம்பர் 14, 1956

கனடாவில் இருக்கும் அன்பு அக்கா வின்னிக்கு,

தம்பி மாரிஸ் எழுதுவது. கணுக்காலில் கட்டோடு படுத்திருக்கிறேன். பயப்படாதே, பெருமைக்குரிய காயம். என் வீட்டுக்காரி டோரா பிளம் ஜாம் கிண்டிக் கிண்டி வீட்டையே ஒட்டவைத்துவிட்டாள்.

பெரிய வீட்டுப் புல்வெளியின் ஓரத்தில், பள்ளத்துக்குள் புல்மட்டத்தோடு நிற்கும் பள்ளச்சுவர் நினைவிருக்கும். ஆடு தாண்டக் கூடாது. ஆனால் ஜன்னலில் நிற்பவருக்குப் புல்வெளியும் மேய்ச்சல் நிலமும் ஒரே பச்சையாகத் தெரிய வேண்டும். அது நாற்பதடி நீளத்துக்குச் சரிந்துபோனது. பள்ளத்தை மூடிக் கம்பிவேலி போடச் சின்ன எஜமானர் ஹியூ ஆளே பேசிவிட்டார். நம் தாத்தா வைத்த கல்லாயிற்றே என்று கெஞ்சினேன். “கோடை முடியறதுக்குள்ள கட்டுங்க மாரிஸ். ஜன்னல்லேர்ந்து சுவரோட கோடு தெரிஞ்சா வேலிதான்” என்றார்.

நான்கு மாதம் கட்டினேன். என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் டோரா எழுதுவாள். மேல்வரிசைக் கல் அவ்வளவு அழகாக அமைந்ததால், நாலு பேர் பார்க்கட்டுமே என்று புல்லுக்கு மேல் ஒரு சாண் தூக்கிவிட்டேன். “தெரியாம இருக்கத்தானே சுவரு? நீங்க அதுக்குக் கிரீடம் வச்சிருக்கீங்க” என்றாள். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. எட்டாம் நாள் கிரீடத்தை இறக்கினேன்.

நேற்று சோதனை. ஜன்னலில் ஹியூ, அவர் தாயாரான பெரிய சீமாட்டி, பின்னால் தொப்பியைக் கையில் பிடித்தபடி நான். ஹியூ வெகுநேரம் பார்த்துவிட்டு, “எங்கய்யா உங்க சுவரு?” என்றார். இதோ காட்டுகிறேன் என்று வீறாப்பாக வெளியே போய்ப் புல்வெளி ஓரம் வரை நடந்தேன். அடுத்த அடி காற்றில். பள்ளத்தில் ஒரு ஆடு என்னைப் பார்த்து மென்றுகொண்டே நின்றது. கட்டியவனுக்கே தெரியவில்லை, அக்கா.

ஹியூ கைகொடுத்துத் தூக்கினார். “வேலிக்காரன வர வேணாம்னு சொல்லிடறேன்” என்றார்.

என்னை உள்ளே கொண்டுவந்து உட்காரவைத்ததும் பெரிய சீமாட்டி ஒன்று கேட்டார்: “உங்க அக்கா பதினோரு வருஷம் இங்க வேலை செஞ்சாளே, இந்த ஜன்னல்ல நின்னு பார்த்திருக்காளா?” கண்ணாடி துடைத்திருக்கிறாள், நின்று பார்த்ததில்லை என்றேன். “வரச் சொல்லுங்க. முன்வாசல் வழியா” என்றார்.

வா, அக்கா. நீ பார்க்க அங்கே ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாததைத்தான் நான் கட்டியிருக்கிறேன். வெளியே நடக்கும்போது மட்டும் என் கையை விடாதே.

உன் வரவுக்காகக் கால் நீட்டிக் காத்திருக்கும்,
மாரிஸ்