குறைக்க மறந்த சத்தம்

2008 மார்ச் 4, செவ்வாய்

கண்டிக் கடையொன்றில் இன்று ஸ்பீக்கர்களை இயக்கும் இரண்டு ரிசீவர்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்று பாட்டுக்கு நல்லது. மற்றது ஐந்து ஸ்பீக்கர்களோடு படம் பார்ப்பதற்கு. எதையும் போடாமலே சத்தத்தை முழுவதும் கூட்டி, இரைச்சல் வருகிறதா என்று காதை வைத்துக் கேட்பது என் வழக்கம். இன்று கேட்டபின் குறைக்க மறந்துவிட்டேன். கடைக்கார நிசார் அதைக் கவனிக்கவில்லை.

"சேர், இப்ப பாருங்க தியேட்டர!" என்று சண்டைப் படமொன்றைப் போட்டார். முதற்காட்சியிலேயே குண்டு வெடித்தது. கடைக்கு வெளியே தெருவில் சனம் உண்மையான குண்டென்று சிதறி ஓடியது.

இராணுவத்தினர் உள்ளே வந்து, சத்தத்தைக் கூட்டியது யார் என்று சிங்களத்தில் கேட்டார்கள். "நான்தான்" என்றேன். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று கண்டதும் அதை வைத்துக்கொண்டு, நாளை காலை பொலிசுக்கு வரச் சொன்னார்கள். நிசார் எவ்வளவோ மன்றாடினார். பிறகு தன் வான் வண்டியில் பிலிமத்தலாவையில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்.

கண்டிக்குள் நுழையும் இடத்திலுள்ள இராணுவச் சோதனைச் சாவடியில் அட்டை கேட்பார்கள். அட்டையை வாங்கப் போவதற்கே அட்டை வேண்டும். என்ன சொல்லிப் போவது?

"வீட்டில இருக்கிற ரேடியோ காணாதெண்டு போனீங்கள்," என்றாள் மனைவி. "தனியப் போகவேண்டாம். நானும் வாறன்."

அவளுடைய அட்டையிலும் பிறந்த இடம் யாழ்ப்பாணம்தான்.