வண்டி ஓட்டியவர் பெயர்

சேசு மரி சூசை

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
20 ஜனவரி 1957

அன்பு மகன் பிரான்சுவாவுக்கு,

அப்பா எழுதுவது. உன் அம்மாவும் தங்கை புஷ்பமேரியும் சுகம். நானும் சுகம்தான், இடது முழங்காலைத் தவிர. அந்த முழங்காலுக்குக் காரணம் நீ.

மார்செய் பட்டணத்தில் ஞாயிறுதோறும் சைக்கிளில் ஊர் சுற்றுகிற சங்கத்தில் சேர்ந்திருப்பதாகவும், அவரவர் சொந்த ஊரில் சைக்கிளில் போய்ப் பார்க்கத் தகுந்த வழிகளைச் சங்கத்துப் பத்திரிகையில் போடுவதாகவும், நம் ஊர்ப் பக்கத்தை நான் சுற்றிப் பார்த்து எழுத வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். மில்லில் நூல் கட்டு எடை போடுகிறவனுக்கு இது பெரிய உத்தியோகம். பூசை முடிந்ததும் கிளம்பிவிட்டேன். வண்டி, நீ புஷ்பத்துக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனதுதான். கப்பலேறிய பிரெஞ்சு டீச்சரம்மா விற்ற, குறுக்குக் கம்பி இல்லாத பெண்கள் சைக்கிள். பக்கத்து ஊர் சாரத்தைக்கூடத் தாண்டவில்லை. எதிரே ஒரு எருமை வந்தது. அது இடப்பக்கம் ஒதுங்கியது. நானும் மரியாதைக்கு அதே பக்கம் ஒதுங்கினேன். மீதியை வாய்க்கால் பார்த்துக்கொண்டது.

புஷ்பம் ஓடி வந்து தூக்கினாள். "நீங்க வீட்ல உக்காந்து எழுதுங்கப்பா. நான் போயிட்டு வந்து சொல்றேன்" என்றாள். எதிர்வீட்டு சுலோசனாவிடமும் ஒரு சைக்கிள் இருக்கிறது. இரண்டு பேருமாக அடுத்த வாரம் போய்வந்தார்கள்.

அவள் சொன்னபடி எழுதுகிறேன். அரியாங்குப்பம் ஆற்றுப் பாலம் தாண்டி இடப்பக்கம் திரும்ப வேண்டும். தென்னந்தோப்பு நிழலிலேயே போகலாம். மணல் வந்ததும் இறங்கித் தள்ள வேண்டும். ஆற்றோரம் அரிக்கமேடு. ரோமாபுரிக் கப்பல்காரர்களோடு ஒரு காலத்தில் வியாபாரம் நடந்த இடம் என்று வெட்டிப் பார்த்தார்களே, அந்தக் குழிகள் இப்போது தூர்ந்து கிடக்கின்றன. நடந்தால் பானை ஓடு காலில் இடறுகிறது. பக்கத்தில் கூரையில்லாத பழைய மிஷன் சுவர். மர வேர்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. திரும்பும்போது எதிர்காற்று.

இப்படிக்கு,
வாய்க்கால் வரை போன உன் தகப்பன்,
அலெக்சாண்டர்


மார்செய்
17 பிப்ரவரி 1957

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பிரெஞ்சில் எழுதிச் சங்கத்தில் வாசித்தேன். எருமையை நீக்கக் கூடாது என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். இந்தத் துறைமுகத்துக்கும் ரோமாபுரிக் கப்பல்கள் வந்தனவாம். அதனால் நாம் பக்கத்து ஊர்க்காரர்கள் என்று ஒருவர் என் தோளில் தட்டினார்.

இன்னொரு வழியும் வேண்டுமாம். கட்டுரைக்குக் கீழே வண்டி ஓட்டியவர் பெயரைப் போடுவது வழக்கம். புஷ்பமேரி என்று போடட்டுமா? இங்கே பெண்கள் ஓட்டுவது யாருக்கும் அதிசயமில்லை.

உங்கள் பிள்ளை,
பிரான்சுவா


நெல்லித்தோப்பு
10 மார்ச் 1957

அன்பு மகனுக்கு,

என் பெயரைப் போடு.

கோபப்படாதே, காரணம் இருக்கிறது. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புஷ்பத்தைக் கேட்டு வார்த்தை வந்திருக்கிறது. மிசியே ஞானாதிக்கம் என்பவர் மகன், பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். இந்த நேரத்தில் பெண் ஊர் சுற்றுகிறாள் என்று அச்சில் வந்தால் என்ன ஆகும்? அந்தப் பத்திரிகை இங்கே எங்கே வரப்போகிறது என்பாய். நம் ஊர் உனக்கு மறந்துவிட்டது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் மளிகை கட்டிவந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படிக்கிறவர்கள்.

புஷ்பத்திடமும் கேட்டேன். "ஒங்க பேரயே போடுங்க. ஆனா எழுதுனத எனக்குப் படிச்சுக் காட்டணும்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இந்த முறை திருவக்கரை. மயிலம் ரோட்டில் போய் இடப்பக்கம் பிரிய வேண்டும். முன்பு பிரெஞ்சு எல்லையில் சுங்கக்காரர்கள் மூட்டையை அவிழ்க்கச் சொன்ன இடத்தில் இப்போது அவித்த மல்லாட்டை விற்கிறார்கள். அதற்கப்புறம் செம்மண் மேடும் முந்திரியும். மேட்டில் ஏறுவது கஷ்டம், இறங்குவது சொர்க்கம். காளி கோயிலுக்கு அப்பால் மேடெல்லாம் கல்லாகிப்போன மரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. பட்டை, கணு எல்லாம் அப்படியே இருக்கிறது.

'பார்க்க மரம், தொட்டால் கல்' என்று நான் எழுதியிருந்தேன். படித்துக் காட்டியதும் அடிக்கச் சொல்லிவிட்டாள். "மரம்னு நெனச்சு உக்காந்துட்டேன்பா, சுட்டுச்சு. வெயில்ல கெடந்தாலும் மரம் அப்படிச் சுடாது. அத எழுதுங்க." எழுதியிருக்கிறேன்.

உன் தகப்பன்,
அலெக்சாண்டர்


மார்செய்
19 மே 1957

அன்புள்ள அப்பாவுக்கு,

அச்சாகிவிட்டது. கீழே 'அலெக்சாண்டர், புதுச்சேரி' என்று இருக்கிறது. சங்கம் உங்களுக்கு ஒரு பித்தளை வில்லை அனுப்புகிறது. சட்டையில் குத்திக்கொள்ளலாம்.

எங்கள் சங்கத்தில் ஒரு வயதான அம்மாள் இருக்கிறார். மலையெல்லாம் சைக்கிளில் ஏறியவர். "அந்தக் கல் சுடும் என்று எழுதியவர் உட்கார்ந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்" என்றார். நான் தலையாட்டினேன். எனக்கே கூச்சமாக இருந்தது, அப்பா. புஷ்பத்துக்கு என்ன சொன்னீர்கள்?

பிரான்சுவா


நெல்லித்தோப்பு
30 ஜூன் 1957

அன்பு மகனுக்கு,

வில்லை வந்தது. கழற்றி வைத்திருக்கலாம். கோயிலுக்கே குத்திக்கொண்டு போனேன். பூசை முடிந்து வாசலில் நான்கு பேர் சூழ்ந்துகொண்டார்கள். செம்மண் மேட்டில் எப்படி மூச்சுப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். சாரம் தாண்டாதவன் சொல்லிக் கொடுத்தேன். புஷ்பம் பக்கத்தில்தான் நின்றாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

அதோடு போயிருந்தால் சிரித்துவிடலாம். போன ஞாயிறு மிசியே ஞானாதிக்கம் பெண் பார்க்க வந்தார், மனைவி மகனோடு. நல்ல மனிதர். பலகாரம் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "நெல்லித்தோப்புப் பொண்ணுங்க ரெண்டு திருவக்கர வரைக்கும் சைக்கிள்ள போவுதுங்களாமே. அதுல ஒண்ணு ஒங்க பொண்ணுன்னாங்க. அப்படியா மிசியே?"

"எங்க பொண்ணா? அதுக்கு சைக்கிளத் தொடவே பயம். போறவன் நான்" என்று சொல்லி வில்லையைக் காட்டினேன்.

கூடத்து வாசலில் புஷ்பம் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எல்லோருக்கும் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். என் தம்ளரில் மட்டும் சர்க்கரை இல்லை. நான் சர்க்கரை கேட்கவில்லை.

ஆண்டவரைத் தெரியாது என்று இராயப்பர் மறுதலித்தபோது சேவலாவது கூவியது. நம் வீட்டில் உன் அம்மா கூவினாள், அவர்கள் தெருமுனை தாண்டிய பிறகு. புஷ்பம் தம்ளர்களைக் கழுவி வைத்தாள். இரவு எனக்குச் சோறு போடும்போது, "நான் ஓட்டுறது ஒங்களுக்குப் பெருமன்னு நெனச்சிட்டு இருந்தேன்பா" என்றாள்.

பெருமைதான், பிரான்சுவா. உனக்கு எழுத வருகிறது, அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

கடலூரில் சம்மதம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சைக்கிள் சுவரில் சாய்ந்தபடி நிற்கிறது. இன்று சுலோசனா வந்து கூப்பிட்டாள். தலைவலி என்று புஷ்பம் அனுப்பிவிட்டாள்.

உன் தகப்பன்


மார்செய்
14 ஜூலை 1957

அப்பா,

பத்திரிகையில் பெயரைத் திருத்தச் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை, மன்னியுங்கள்.

போகிற வீட்டில் புஷ்பம் சைக்கிளைக் கண்டால் பயப்படுகிறவளாக ஆயுசுக்கும் நடிக்க வேண்டுமா? கல்யாணத் தேதி வைப்பதற்கு முன் கடலூருக்குப் போய் நீங்களே சொல்லிவிடுங்கள். ஆள் அனுப்பாதீர்கள்.

பிரான்சுவா


நெல்லித்தோப்பு
11 ஆகஸ்டு 1957

அன்பு மகனுக்கு,

போய்வந்தேன்.

பஸ்ஸில் போயிருக்கலாம். பாவப் பரிகாரத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து போவதா என்று தோன்றியது. புஷ்பத்தின் சைக்கிளையே எடுத்தேன். "பிரேக் லூசா இருக்கு" என்றாள். அந்த வாரம் முழுக்க அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். பாலம் வந்தபோதெல்லாம் இறங்கித் தள்ளினேன். பாலம் இல்லாத இடத்திலும் தள்ளினேன். இந்த வழியைப் பற்றி உன் பத்திரிகைக்கு எழுத ஒன்றுமில்லை. நான் பார்த்தது முன்சக்கரம் மட்டும்.

வேட்டி சங்கிலியில் மாட்டிக் கிழிந்து, கரி அப்பி, அந்தக் கோலத்தில் மஞ்சக்குப்பத்தில் போய் நின்றேன். மிசியே ஞானாதிக்கம் மோர் கொடுத்தார். குடித்துவிட்டுச் சொன்னேன். ஓட்டியவள் அவள், பெயர் மட்டும் என்னுடையது, அன்று நான் சொன்னது பொய் என்று.

என் கிழிந்த வேட்டியைப் பார்த்தார். பிறகு, "பொண்ணு சைக்கிள் உட்டா என்ன மிசியே? சைகோன்ல இருந்தப்ப என் தங்கச்சியே உட்டவதான். எங்க பையனுக்கும் ஊர் சுத்திப் படம் போடணும்னு ஆச. ரெண்டுக்கும் ஒத்துப்போவுமேன்னுதான் அன்னிக்குக் கேட்டேன்" என்றார்.

"அப்படின்னா..." என்றேன்.

"இல்ல மிசியே. அந்தப் பொண்ண நிக்க வச்சிக்கிட்டே கூசாம சொன்னீங்களே. நாளைக்கு நீங்க எதச் சொன்னாலும் நான் ரெண்டு பேர்கிட்ட விசாரிக்கணும். சம்பந்தின்னா அப்படி இருக்கக் கூடாது. வந்து சொன்னதுக்கு சந்தோஷம்."

தெருமுனை வரை கூடவே வந்து, சைக்கிளை பஸ் மேலே ஏற்ற ஒரு கை பிடித்தார். அதுதான் இன்னும் வலிக்கிறது.

வீட்டில் சொன்னேன். உன் அம்மா அழுதாள். புஷ்பம் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். "அவரு நல்லாப் படம் வரைவாராம். சுலோசனா அண்ணன் சொன்னாங்க" என்றாள். முறத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

அலெக்சாண்டர்


நெல்லித்தோப்பு
8 செப்டம்பர் 1957, மாதா பிறந்த திருநாள்

அன்பு மகன் பிரான்சுவாவுக்கு,

திருத்தம் அச்சான பத்திரிகை வந்தது. என் பெயரை எடுத்துவிட்டு, வண்டி ஓட்டியவர் புஷ்பமேரி என்று போட்டிருக்கிறார்கள். அவளிடம் கொடுத்தேன். பார்த்தாள். "அண்ணனுக்கு நான் ரொம்ப விசாரிச்சேன்னு எழுதுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். விசாரித்திருக்கிறாள்.

இரண்டு வாரமாகத் திரும்ப ஓட்டுகிறாள். நீ சந்தோஷப்படுவாய், நானும் சந்தோஷப்பட்டேன். இன்று திருநாள் பூசை முடிந்து சுலோசனாவோடு கிளம்பியபோது, "எந்தப் பக்கம்மா?" என்றேன். "சும்மா, கொஞ்ச தூரம்பா" என்றாள். பொழுது சாயத்தான் வந்தாள்.

முன்பெல்லாம் வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆரம்பிப்பாள். எந்த மரத்தடியில் நின்றார்கள், எந்த ஊர் நாய் துரத்தியது, எந்த ஆயா நுங்கு வெட்டிக் கொடுத்தாள். நான் எழுதி முடிப்பதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விடுவாள். இன்று காலைக் கழுவிக்கொண்டு நேரே உள்ளே போய்விட்டாள்.

அவள் உள்ளே போனதும் நான் சைக்கிளிடம் போய் நின்றேன். மட்கார்டில் செம்மண் இருந்தது. அது மேட்டுப் பக்கம். ஆனால் பின்சக்கரத்தில் ஈரக் களியும் ஒரு நீர்ப்பூண்டும் ஒட்டியிருந்தன. நேற்று மழை இல்லை. ஊசுட்டேரிக் கரையாக இருக்கலாம். அங்கே செம்மண் உண்டா என்று எனக்குத் தெரியாது. நான் எங்கே போயிருக்கிறேன்?

கேட்டால் சொல்வாள். அப்பா கேட்கிறாரே என்று மரியாதைக்குச் சொல்வாள். அந்த மரியாதையை வாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை.

ஆகையால் இந்தத் தபாலில் வழி எதுவும் இல்லை. உன் சங்கத்துக்கு வேண்டுமென்றால் நீ அவளுக்கே எழுது. உறையின் மேல் அவள் பெயர் மட்டும் இருக்கட்டும். நான் பிரிக்கமாட்டேன், எங்கே வைத்தாள் என்றும் பார்க்கமாட்டேன்.

அவள் பதில் போட்டால் ஒரே ஒரு உபகாரம் செய். அவள் எழுதியதை அப்படியே அனுப்ப வேண்டாம். இன்று எந்தப் பக்கம் போனாள் என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுது.

அவள் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். விளக்கு இன்னும் எரிகிறது.

அப்பா