முகாம் அட்டையை நீட்டிய நாள்

நல்லூர், திருப்பூர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வீக்கம் வடிந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை. பனியன் வியாபாரம் நடக்கிறது, நான்கு மிஷினும் ஓடுகின்றன.

செவ்வாய்க்கிழமை ஒரு கூத்து நடந்தது, பயப்படாதீர்கள். கரண்ட் கட்டணம் ஏறியதால் சின்னக் கம்பெனிகளுக்குச் சலுகை தருவதாக அரசாங்கம் கூட்டம் போட்டது. மிஷின் போட இடம் வாடகைக்குத் தந்த ஷெட்காரர் சென்னிமலை அண்ணனோடு மனு கொடுக்கப் போனேன். அடையாள அட்டை கேட்டார்கள். யோசிக்காமல் அகதி முகாம் அட்டையை நீட்டிவிட்டேன்.

"உங்களுக்குத்தான் முகாம்ல புது வீடு கட்டறோமே, கரண்ட்லயும் சலுகை வேணுமா?" என்றார் அதிகாரி.

"ஏனுங்க, அகதி மிஷின் என்ன காத்துலயா ஓடுது?" என்றார் சென்னிமலை அண்ணன்.

நானும் சும்மா இருக்கவில்லை. "முப்பத்தஞ்சு வருசம் தகரக் கொட்டகையில வச்சிட்டு இப்பதானே சார் கட்டுறீங்க?" என்றேன்.

அதிகாரியின் முகம் கறுத்தது. "இங்க தொழில் பண்றவனுக்கு அங்க வீடு எதுக்கு?" என்று என் பெயரைக் குறித்துக்கொண்டார். மனுவை வாங்கவேயில்லை. கையேந்தி நின்றால்தான் இவர்களுக்கு நாம் அகதி. உழைத்து நிமிர்ந்தால் திருடன்.

இனி எந்த நாளிலும் நீங்கள் இருக்கும் முகாமுக்குச் சோதனைக்கு வருவார்கள். நான் அங்கே குடியில்லை என்று எழுதினால் புது வீட்டுப் பட்டியலில் நம் பெயரை அடித்துவிடுவார்கள். பார்சலில் என் சட்டை இரண்டு வருகிறது. புதியது என்றால் சந்தேகப்படுவார்கள் என்று, நான் உடுத்திப் பழசானதை வைத்திருக்கிறேன். தினமும் ஒன்றை நனைத்துக் கொடியில் போடுங்கள்.

பார்சல் வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். யாராவது கேட்டால், இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வெளியே போனான் என்று சொல்லுங்கள்.

உங்கள் மகன்,
யோகநாதன்