மூன்றரைப் பாம்பு

9-7-1950, ஞாயிறு. காலை 7 மணி 20 நிமிஷம்.
ஊட்டியது பதினான்கு கரண்டி. உள்ளே போனது ஒன்று. மிச்சம் என் சட்டையில், பாயில், மதினியின் முந்தானையில்.

கேப்பைக் கூழ், கருப்பட்டி போட்டது. சூடு சரி, பதம் சரி. பிறகு எது சரியில்லை? கோமதிக்குப் பத்து மாதம் முடிந்துவிட்டது. ஆனந்தவல்லிக்கு டைபாய்டு கண்டதில் பால் நின்றுபோயிற்று. காய்ச்சல் விட்டும் எழுந்து உட்கார்ந்தாலே மூச்சு வாங்குகிறாள். டாக்டர் அவளுக்குக் கஞ்சி மட்டும் என்கிறார். அதையும் பாதியில் தள்ளிவிடுகிறாள். தாயும் மகளும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி.

பஞ்சு அரைக்கிற ஜின்னிங் பாக்டரியில் எஞ்சின் நின்றால் எங்கே அடைப்பு என்று பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். எல்.எம்.இ. படித்தது அதற்குத்தான். இது விளங்கவில்லை.

10-7, திங்கள்.
முத்துமீனாள் மதினி இன்று வாய்விட்டே சொல்லிவிட்டார். ஆனந்தவல்லிக்கு அக்காள், ஒத்தாசைக்குக் கரிவலத்திலிருந்து வந்திருக்கிறார்.

"ஆடித்தபசு முடிஞ்ச மறுநா நான் ஊருக்குப் போணும் தம்பி. பிள்ளையையும் தூக்கிட்டுப் போறேன். அங்கன மாடு நிக்கு, பாலு கெடக்கு."

எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு உள்ளே போனார். அவருக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். குழந்தை இல்லை.

அப்புறம் ஆனந்தவல்லி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா போனபிறகு என்னை வளத்தவ அவதான். கேட்டா இல்லைன்னு சொல்லமாட்டேன். தூக்கிட்டுப் போனா திருப்பிக் கேக்கவும் மாட்டேன்."

பின்னே யார் சொல்வது? நானா? பிள்ளை வாயில் ஒரு வாய் இறங்காதபோது எந்த முகத்தோடு சொல்வது?

13-7.
துப்பிற்று. துப்பிற்று. துப்பிற்று.

15-7, சனி.
ஒன்று கவனித்தேன். இன்று கோமதி தானாக வாயில் போட்டவை: என் சட்டைப் பித்தான், ஒரு வேப்பங்கொட்டை, ஒரு எறும்பு. எதையும் துப்பவில்லை. நான்தான் விரலை விட்டு எடுத்தேன். கடித்துவிட்டாள்.

நாம் ஊட்டினால் துப்புகிறாள். தானே எடுத்தால் வைத்துக்கொள்கிறாள். அப்படியானால் பசி இருக்கிறது. நம் கைதான் வேண்டாம். பத்து மாதத்தில் இத்தனை ரோஷமா? யாரைக் கொண்டு பிறந்ததோ.

16-7.
அரிசிமாவை விரல் மாதிரி உருட்டி அவித்தேன். அரை அங்குலம் கனம், இரண்டங்குலம் நீளம். எடுத்தாள், வழுக்கியது, எடுத்தாள், வழுக்கியது, அழுதாள். மதினி சிரித்தார். போல்ட்டு செய்யுத கைதானே என்றார்.

வழுவழுப்புதான் குற்றம். லேத்தில் கைப்பிடிக்கு வரி போடுகிறோமே, அது வேண்டும். கத்தியால் கீறிப் பார்த்தேன். உடைந்தது.

18-7, செவ்வாய்.
கோயிலில் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியாயிற்று. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சன்னதித் தெருவுக்குப் போனேன். தங்கப்பழம் கடையில் கோமதியம்மனுக்கு நேர்ந்துகொண்டு போடுகிற தகட்டு உருக்கள்: பாம்பு, தேள், கண், கால், தொட்டில் பிள்ளை. இவள் எட்டி ஒரு பாம்பைப் பிடித்தாள். விடவே இல்லை. உடம்பெல்லாம் செதில் வரி. பிடி அப்படி நிற்கிறது!

தகடு அடிக்கிற பாம்பு அச்சை இரவல் கேட்டேன். எதுக்கு அண்ணாச்சி என்றார் தங்கப்பழம். ஒரு வேலைக்கு என்றேன். இன்னொன்று இருக்கிறதாம், தந்துவிட்டார்.

20-7, வியாழன்.
அச்சைப் புளி போட்டுத் தேய்த்து, கொதிநீரில் போட்டு, நல்லெண்ணெய் தடவினேன். அரிசிமாவோடு அவித்த ஏத்தன் வாழைப்பழம். அழுத்தி எடுத்து ஆவியில் வைத்தேன். கண்ணுக்குக் கருப்பட்டிப் பாகு, ஒரு சொட்டு.

கோமதி பார்த்தாள். சிரித்தாள். தலையை முதலில் கடித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான் அடுப்பை அணைக்க மறந்துபோனேன்.

நாலாவது பாம்பு பாதியில் இருக்கும்போது மதினி தண்ணீர்ச் செம்போடு வந்தார்.

"அம்மாளுக்குச் செலுத்துத உருவைப் பிள்ளை வாயில வைக்கீங்களே. பாம்புப் புத்தைக் கும்பிடுத இந்த ஊர்ல இருந்துக்கிட்டா? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

மாவு என்றேன். பழம் என்றேன். கேட்கவில்லை, தபசு வரை காத்திருக்க வேண்டாம், இப்பவே தூக்கிட்டுப் போறேன் என்று குனிந்தார். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"பெத்தவளுக்கு இல்லாத பயம் உங்களுக்கு எதுக்கு மதினி?"

செம்பைக் கீழே வைத்தார். அவ்வளவுதான். ஏன் சொன்னேன்? சே.

அதற்குள் ஆனந்தவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். வந்து உட்கார்ந்தாள். கோமதி கையிலிருந்த வாலை அவளிடம் நீட்டினாள். ஆனந்தவல்லி குனிந்து வாயில் வாங்கிக்கொண்டாள்.

"அவ ஊட்டுதா, நான் திங்கேன் அக்கா. தோசம்னா ரெண்டு பேருக்கும் சேந்து வரட்டும்."

டாக்டர் கஞ்சி மட்டும்தானே சொன்னார் என்று வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

21-7.
மதினி என்னோடு பேசவில்லை. ஆனால் காலையில் மாவு இரண்டு தரம் சலித்து, பூப்போல, மூடி இருந்தது. ஆனந்தவல்லிக்குச் சல்லடை பிடிக்கத் தெம்பில்லை. நான் சலிக்கவில்லை. அப்படியானால்? கோபமா, இல்லையா? எஞ்சினாக இருந்தால் கேட்டுவிடலாம், சத்தத்திலேயே தெரியும்.

24-7.
ஆனந்தவல்லி நார்த்தங்காய் ஊறுகாய் கேட்டாள்!

29-7, சனி. தபசு.
கூட்டம். வெள்ளாமைச் சம்சாரிகள் நேர்த்திக்கு அம்மன் சப்பரத்தைப் பார்த்து விளைச்சலை வீசியதில் என் தலையில் மிளகாய்வற்றல். அச்சைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். தங்கப்பழம் தானாகவே சொன்னார்:

"உங்க மதினி வந்தாக அண்ணாச்சி. வருசா வருசம் எங்கிட்டதான் பிள்ளை உரு வாங்கிப் போடுவாக. இந்த வருசம் அது வேண்டாம்னுட்டாக. ரெண்டு பாம்பு மட்டும் வாங்குனாக."

இரண்டு பாம்பு தாய்க்கும் மகளுக்கும், தோஷம் வராமலிருக்க. அது தெரிகிறது. பிள்ளை உரு ஏன் வேண்டாமென்றார்? அலுத்துப்போயா? என் வாயாலா? அம்மனிடம் ஒரு நேரத்தில் ஒன்றுதான் கேட்கலாம் என்று கணக்கா? யாரிடம் கேட்பது இதை?

30-7, ஞாயிறு.
மதினி முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டார். தனியாக. கோமதி தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்ப வேண்டாமென்றார். பெட்டியை நான் தூக்கினேன். வழி முழுக்க ஏதாவது சொல்லப் பார்த்தேன். பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் இரண்டு தரம் கேட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபின் அவர்தான் ஜன்னல் வழியாகப் பேசினார்:

"பாம்பு போதும் தம்பி. மயில் செய்யுங்க. அலகை மட்டும் மொட்டையா வைங்க, தொண்டையில குத்தும்."

இனி:
1. மயில் அச்சு, தேக்கில். அலகு மொட்டை.
2. தோகையில் வரி ஆழமாக. பிடி நிற்க வேண்டும்.
3. ஆனந்தவல்லி தெருமுனை வரை நடக்கத் தொடங்கியதும் மூன்று பேரும் கரிவலம். காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் வருவது. ராத்தங்கச் சொன்னால் தங்குவது.
4. முதல் மயிலை மதினி கையில் கொடுப்பது. ஊட்ட வேண்டாம், சும்மா வைத்துக்கொண்டிருக்கட்டும். கோமதி அங்கிருந்து எடுத்துக்கொள்வாள்.
5. அன்று மதினியிடம் சொன்ன அந்த வார்த்தைக்கு — தெரியவில்லை. போய் நிற்பது.