சேற்றில் நின்று எடுத்த அளவு

அன்பு மகள் பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. எனக்கும் அம்மாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, மனசுதான் சரியில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். மூன்று தடவை போனை எடுத்தும் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம், அம்மா இதைப் படம் பிடித்து அனுப்புவாள்.

சதுப்பு நிலத்தில் நடைபலகை உளுத்து விழுந்ததைச் சொன்னேன் அல்லவா, புதுப் பலகைக்கு ஐந்து மனு கொடுத்தும் மேலதிகாரி காதில் போட்டுக்கொள்ளவில்லை, நேரில் போனால் சேறுதானே, இறங்கிப் போங்க என்கிறார். ஒரு வாரம்கூட விட்டுப்போகக் கூடாதென்று நானும் நாலு மாதமாக முழங்கால் பூட்ஸோடு இறங்கி நின்றே, வாயு பிடிக்கும் பெட்டியைக் கவிழ்த்து உன் ஆராய்ச்சிக் கட்டுரைக்கு மீத்தேன் அளவெடுத்தேன். அளவு ஏறிக்கொண்டே போனது. மதகை இறக்கித் தண்ணீர் மேலே வந்த சமயம் என்பதால் உனக்கு ஒரே சந்தோஷம். காற்றுப் புகாத சேத்துல மீத்தேன் உண்டாக்குற நுண்ணுயிருக்கெல்லாம் இப்போ கொண்டாட்டம்ப்பா, மேல காஞ்ச மண்ணுல இருந்துக்கிட்டு அதைத் தின்னுற கூட்டத்துக்கு இடமில்லாம போச்சு, நான் நினைச்சதேதான் என்றாய். நானும் பெருமையில் மிதந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை என் முழங்கால் வலியைப் பார்த்துப் பொறுக்காமல் அம்மா நம் குளியலறைக் கதவையே கழற்றவைத்து, சதுப்பில் இரண்டு கட்டைமேல் போட்டு, இதுல உக்காந்து அளங்க, அவங்க பலகை தர்றதுக்குள்ள உங்களுக்குக் கால் இருக்காது என்றாள். உட்கார்ந்து அளந்தேன். அதே பெட்டி, அதே தண்ணீர் மட்டம், அளவு பாதிதான். சந்தேகத்தில் இறங்கிப் பக்கத்தில் மிதித்தேன், குபுகுபுவென்று குமிழி வந்து அளவு எகிறிவிட்டது. அடியில் அடைந்து கிடந்த வாயுவை இத்தனை நாளும் என் காலே அழுத்தி வெளியே தள்ளியிருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டேன். தண்ணீரால் ஏறியது எவ்வளவு, என்னால் ஏறியது எவ்வளவு என்று இனிப் பிரிக்க முடியாது. பலகை தராதவர்மேல் உள்ள கோபத்தைவிட, பதினோரு வருடம் இதே வேலை பார்த்தும் காலடியைப் பார்க்காத என்மேல்தான் ஆத்திரம்.

மாதக் கடைசியில் கட்டுரையை அனுப்பிவிடாதே. அந்த நாலு மாதத்தையும் அடித்துவிடு. உன் உழைப்பு வீணாகிறது என்று தெரியும், ஆனாலும் எனக்காக மூடி மறைக்காதே, அளவெடுத்த ஆள் சேற்றில் நின்றான் என்றே எழுது.

நல்லா இரு கண்ணு. கோபம் வந்தால் திட்டு, போனை எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதே. நீ வரும்போது குளியலறையில் திரைதான் தொங்கும். கதவு இங்கே என்னோடு இருக்கிறது, அதன்மேல் உட்கார்ந்து, இதுதான் முதல் வாரம் என்று இன்று மறுபடி ஆரம்பித்திருக்கிறேன்.

உன் அப்பா